என் பங்குக்கு வந்த ஐந்து சக்கரங்கள்

இதை நான் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனியில் கழித்துப் போடும் சாமானில் கட்டும் சிவப்பு அட்டையில்தான். 'ஓரம் சரியில்லை', 'கீறல்' என்று இரண்டு வார்த்தை. அதற்கு மேல் அந்த அட்டையில் இடம் கிடையாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. பேர் என்ன என்று கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் எங்கள் வீடு. வீட்டின் முன்னால் தகரக் கொட்டகை போட்டு அதில் கார் நிற்கும். உருண்டை முகம், பின்னால் லேசாகத் தூக்கிய வால், ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர். சந்தனக் கலர். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு நைனாவின் காரைத்தான் கேட்பார்கள். பிரசவ வலி வந்தாலும் அதே கார்தான். அதனால் பாதி ஊர் எங்கள் காரில்தான் பிறந்தது என்று நைனா சொல்வார்.

காரைத் துடைப்பது அண்ணன் வேலை. எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். காலையில் அவர் ஒவ்வொரு சக்கரத்தின் மூடியையும் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். வீல் கப் என்போம். தேய்த்து முடித்ததும் சக்கரத்தின் நடுவில் வைத்துக் கைமுஷ்டியால் ஒரு குத்து விடுவார். டக் என்று உட்காரும். நான் சமையலறையில் இருந்தபடி அந்தச் சத்தத்தை எண்ணுவேன். நாலாவது டக் கேட்டால் நைனா கிளம்பப் போகிறார், டீ போட வேண்டும் என்று அர்த்தம். பெண் பிள்ளை வண்டியைத் தொடக் கூடாது என்று நைனா என்னை அந்தக் கொட்டகைப் பக்கம் விட்டதில்லை. பளபளவென்று மாட்டிய மூடியில் என் முகம் வளைந்து தெரிவதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நைனா போன பிறகு பாகம் பிரித்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார். வீடும் கொல்லையும் அண்ணனுக்குப் போகட்டும், காரில் பாதி எங்களுக்கு வேண்டும் என்றார். அண்ணன் காரைத் தர முடியாது என்றார். பேச்சு வளர்ந்து இரண்டு பேரும் சட்டைக் காலரைப் பிடிக்கிற வரைக்கும் போனது.

எங்கள் பக்கத்தில் இப்படி வெட்டிக் கொடுக்க முடியாத பொருள் வந்தால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிணறு ஒருவனுக்கு, மோட்டார் இன்னொருவனுக்கு என்று எழுதிவிடுவார்கள். ஒருவனை விட்டு ஒருவன் தண்ணீர் இறைக்க முடியாது. கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பயிர் காய ஆரம்பித்ததும் தானாகப் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த பெரியவர்களில் ஒருவர் அதையே செய்தார்.

"வண்டி அண்ணனுக்கு. சக்கரம் தங்கச்சிக்கு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சி. ராசியானீங்கன்னா மாட்டி ஓட்டுங்க. இல்லாட்டி அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல தீர்ப்பு என்றார்கள். சிரிக்காதது அண்ணன் ஒருவர்தான்.

அடுத்த நாள் அவர் காரைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு ஐந்து சக்கரத்தையும் ஒரு குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றாக வாசலுக்குள் உருட்டி விட்டார். ஒன்று சுவரில் மோதி விழுந்தது. "இந்தா, உன் பங்கு" என்றார். என் பெண் அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். மாமா பந்து கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடி வந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பெரியவர் கணக்கு எங்கள் விஷயத்தில் தப்பிவிட்டது. மோட்டார் இல்லாவிட்டால் பயிர் காயும். சக்கரம் இல்லாவிட்டால் ஒன்றும் காயாது. சில மாதத்தில் அண்ணன் பழைய இரும்புக் கடையில் வேறு சக்கரம் வாங்கி மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. என் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் இறந்தபோது அண்ணிதான் பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டு வந்தாள். அண்ணன் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

சக்கரங்கள் என்னிடமே கிடந்தன. டயர்கள் வெடித்து, ஒரு போகிக்கு எரிந்து போயின. வெறும் இரும்பு மட்டும் மிச்சம். நாலை வீட்டுக்குப் பின்னால் அடுக்கி மேலே செம்பருத்தித் தொட்டி வைத்தேன். ஐந்தாவது தண்ணீர் டிரம்முக்கு அடியில் போனது. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்த் தண்ணீர். டிரம் கொஞ்சம் உயரமாக இருந்தால் மொண்டு எடுக்க வசதி. ஆயுத பூஜைக்கு ஐந்துக்கும் குங்குமம் வைப்பேன். "வண்டியே இல்ல, சக்கரத்துக்குப் பூசையாம்" என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கேலி செய்வார்.  நைனாவின் பொருளில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன வருடம் என் பெண்ணுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் இடம் அமைந்தது. பையன் நல்லவன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் பையனின் அம்மா கேட்டாள்:

"பொண்ணுக்குத் தாய்மாமன் கீறாரா?"

"கீறாரு" என்றேன்.

"அவுரு மால போட்டுக் கைப்புடிச்சி மணையில ஒக்கார வெக்கணும். எங்க ஊட்டுல அத முக்கியமா பாப்போம்."

"வருவாரு" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அப்பா இல்லாத பெண். மாமனும் வராமல் மணையில் உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அது போகட்டும். எனக்கே அண்ணன் வேண்டும். அவர் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணி போன் செய்தாள்.

"அவுரு சக்கரத்தப் பாக்கணும்ன்றாரு. இருக்குதா, எடைக்குப் போட்டுட்டியா?"

"இருக்குது அண்ணி. அஞ்சும் இருக்குது."

விஷயத்தைச் சொன்னாள். பழைய கார்களை எல்லாம் சென்னையில் ஒரு மைதானத்தில் நிறுத்திக் காட்டுகிறார்களாம். வைத்திருப்பவர் பேரும், அந்தக் காரை முதன்முதலில் ஓட்டியவர் பேரும் பலகையில் எழுதிக் காரின் முன்னால் வைப்பார்களாம். ஆனால் காரில் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. அவர் ஆரணிக்கு வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, சக்கரம் மட்டும் இந்தக் காருடையது இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"நைனா பேரு போர்டுல வரும்னு தூங்காம கீறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம அந்த ஆளக் கூட்டிக்கினு உன் ஊட்டுக்கு வராரு" என்றாள் அண்ணி.

போனை வைத்தேன். என் வீட்டுக்கு வருகிறார். எதற்காக என்பதை நான் யோசிக்கவில்லை. வருகிறார்.

பின்பக்கம் போய்ச் சக்கரங்களைப் பார்த்தேன். துரு ஏறி, செம்பருத்தி வேர் துளை வழியாக இறங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து வருகிறவருக்கு முன்னால் இதையா எடுத்துப் போடுவது என்று மனம் கேட்கவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் இருக்கிறேன். வெட்டிய தகட்டின் ஓரத்தில் முள் மாதிரி இரும்பு நிற்கும். அதற்குப் பர் என்று பேர். வெல்டிங் செய்யும்போது தெறித்து ஒட்டிக்கொள்ளும் இரும்புப் பொட்டும் இருக்கும். இரண்டையும் கை கிரைண்டரில் தேய்த்து எடுப்பதுதான் என் வேலை. விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டுப்படுவது எல்லாம் போக வேண்டும். வழவழவென்று வந்தால் சரி. வருடக்கணக்காக அதைச் செய்கிறேன். வீட்டில் எவர்சில்வர் தட்டை எடுத்தாலும் என் விரல் ஓரத்தைச் சுற்றித்தான் போகும்.

அவர்கள் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் பாதி ஷிப்டு இருந்தது. முடிந்த பிறகு மெஷினைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். நான் எதையும் கேட்கிறவள் இல்லை என்பதால் அவருக்கே ஆச்சரியம். "பண்ணிக்கோக்கா. ஆனா நம்ம லாட்டு சாமானோட கலந்துடாத" என்றார். என் பெண் நாலு சக்கரத்தையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரப் பையன் அவளிடம், "இன்னாக்கா, சக்கரம் முன்னாடி போவுது, வண்டி பின்னாடி வருதா?" என்று கேட்டானாம். ஐந்தாவதை எடுக்க முடியவில்லை. டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அடுத்த தண்ணீர் மறுநாள்தான், கொட்ட மனசு வரவில்லை. ஸ்டெப்னிதானே, அவர் வரும்போது எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் துருவைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்தேன். அதன் பிறகு கையுறை மேலேயே விரலை ஓட்டினேன். நடுவில் இருக்கும் பெரிய துளையைச் சுற்றி மூன்று இடத்தில் தட்டுப்பட்டது. பாதிப் பட்டாணி அளவில் இரும்புப் பொட்டு. அந்தக் காலத்து வெல்டிங்காரன் தெறிக்க விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நாலு சக்கரத்திலும் அதே மூன்று இடத்தில் இருந்ததே, அப்போதாவது யோசித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கம்பெனியில் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் வைத்துத்தான் பற்றவைப்பார்கள். தெறித்தால் எல்லாச் சாமானிலும் ஒரே இடத்தில்தான் தெறிக்கும். அதனால் அது எனக்குச் சந்தேகமாகவே படவில்லை. தெறிப்புதான் என்று அதனாலேயே உறுதியானது.

கிரைண்டரை வைத்தேன். நாலு சக்கரம், மூன்று மூன்று பொட்டு. விரலை ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

பெயிண்ட் பிரிவில் இருக்கும் தம்பி மணலடித்து, பவுடர் பூசி, சூளையில் வைத்து எடுத்துக் கொடுத்தான். எந்தக் கலர் என்று கேட்டபோது சில்வர் என்றேன். என் கண்ணில் இருந்தது பளபளவென்ற மூடிதானே. கடையில் வாங்கியது மாதிரி வந்தது. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமானது. வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் பாய் போட்டு அதன் மேல் அடுக்கிப் புதுப் போர்வையால் மூடி வைத்தேன்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பழவேற்காட்டு இறால் வாங்கித் தொக்கு செய்தேன். அண்ணனுக்குப் பிடிக்கும். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே தயாராக வைத்தேன். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் வருகிறேன் என்று அர்த்தம். வார்த்தை தேவையில்லை.

சோதித்துப் பார்க்கும் அந்தச் சென்னைக்காரரின் காரில் அண்ணன் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. நடையில் நைனாவாகவே இருந்தார். கக்கத்தில் ஒரு பழைய வேட்டி மூட்டை.

"இன்னாம்மே, இப்பிடி எளச்சிட்ட? துன்றியா இல்லியா?" என்றார்.

"வாண்ணா" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

என் பெண் வந்து காலில் விழுந்தாள். அவளை நிமிர்த்திப் பார்த்தார்.

"நைனா மூக்கு அப்பிடியே வந்துகீது. பாவம்."

"மூக்குத்தி போட்டா தெரியாது மாமா."

"போட்டுறலாம். மாமன் நான் எதுக்குக் கீறேன்?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் இறாலைக் கிளறுகிற மாதிரி உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முகூர்த்தம் எப்போது, மண்டபம் பொன்னேரியிலா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அப்போதே தட்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வந்த வேலையை அவர் முடிக்கட்டும், சாப்பிட்ட பிறகு மரியாதையாகக் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

போர்வையை எடுத்தேன்.

சென்னைக்காரர் குனிந்து பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கே. எங்கம்மா குடுத்தீங்க?"

"நான்தான் சார் பண்ணேன்."

அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெருமையாகத்தான் பார்த்தார்.

சென்னைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்தார். சுற்றி இருக்கும் துளைகளை எண்ணி, சரி என்றார். உள்பக்கம் பூச்சுக்கு அடியில் பதித்திருந்த எழுத்தைத் தடவிப் படித்து, வருஷமும் ஒத்து வருகிறது என்றார். அதன் பிறகு நடுத்துளையைச் சுற்றி விரலை ஓட்டினார். எப்படி நான் ஓட்டுவேனோ அப்படியே. நிறுத்தி, மறுபடி ஓட்டினார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். அதிலும் ஓட்டினார்.

"மொட்டு இல்லயே" என்றார்.

"இன்னா சார்?"

"இந்தக் காரோட மொத சக்கரத்துல மூணு மொட்டு இருக்கும். தனியா வச்சுப் பத்தவச்சிருப்பாங்க. வீல் கப் அதுலதான் கவ்வி நிக்கும். பின்னாடி வந்த சக்கரத்துல மொட்டு கிடையாது, கிளிப்பு. இத வச்சுத்தான் நாங்க அசலக் கண்டுபிடிக்கிறதே."

"இருக்கும் சார். நான் கையால குத்திக் குத்தி மாட்டுனது" என்றார் அண்ணன். வேட்டி மூட்டையை அவிழ்த்தார். வீல் கப்புகள். காரோடு அவர் பங்குக்குப் போனவை. இன்னும் பளபளவென்றுதான் இருந்தன. ஒன்றை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்து முஷ்டியால் குத்தினார். அது வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. சிமென்ட் தரையில் சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டு அடங்கியது. மறுபடி எடுத்து வைத்துக் குத்தினார். மறுபடி விழுந்தது.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் விரலுக்குத்தான் தெரிந்தது.

"நான்தாண்ணா எடுத்தேன்" என்றேன். "தெறிப்புன்னு நெனச்சிக்கினு தேச்சிட்டேன்."

 அண்ணன் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"திரும்பப் பத்தவச்சித் தந்துடறேன் சார். எங்க வெல்டரு நல்லா பண்ணுவாரு."

"வைக்கலாம்மா. ஓட்டுறதுக்கு ஒண்ணும் குறையில்ல. ஆனா அசல்னு நான் சொல்ல முடியாது" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர். "தெரியாம நடந்தது. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அண்ணனிடமும் சொன்னார்.

"நான் இன்னா சொல்லப் போறேன்" என்றார் அண்ணன். "அது அவ பங்கு. அவ இன்னா வேணா பண்ணுவா."

"மாமா, உங்களுக்காகத்தான் அம்மா…" என்று என் பெண் ஆரம்பித்தாள்.

"அஞ்சாவது எங்க?" என்றார் அண்ணன்.

பின்பக்கம் கூட்டிப் போனேன். நானும் என் பெண்ணும் டிரம்மைச் சாய்த்தோம். தண்ணீர் முற்றம் முழுக்க ஓடி அவர் செருப்பை நனைத்தது. சக்கரம் சேற்றில் பதிந்திருந்தது. அவரே முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். தோள் துண்டால் துடைத்தார். துருவுக்கு அடியில் ஒரு ஓரத்தில் சந்தனக் கலர் தெரிந்தது. சில்வர் இல்லை. நடுவில் மூன்று மொட்டும் இருந்தன.

மூடியை வைத்துக் குத்தினார். டக்.

அவர் கை அப்படியே நின்றது.  ஆரணி வீட்டுச் சமையலறையில் நின்று எண்ணிய சத்தம். அவரும் அதைத்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. ஒரு நிமிஷம் அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாரோ என்னவோ. நான் காலி டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

"இதான் சார் அசல்" என்றார்.

"இதேதான்" என்றார் சென்னைக்காரர். "ஆனா ஒண்ண வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நாலும் இப்பிடி இருந்திருந்தா…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் அந்தச் சக்கரத்தை மூடியோடு மார்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் ஓடிப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"அண்ணா, மொத பத்திரிக."

தட்டைப் பார்த்தார். இரண்டு கையிலும் சக்கரம். சட்டை முழுக்கத் துருத் தண்ணீர் வழிந்தது.

"கையி துருவா கீது."

"தண்ணி ஊத்தறேண்ணா."

"வாணாம். அங்க வெச்சிடு."

"ஒரு வா சாப்ட்டுட்டுப் போ. எறா செஞ்சிருக்கேன்."

"அவுருக்கு நேரமாவுது" என்றார்.

காரில் ஏறும்போதும் சக்கரத்தைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். இறால் தொக்கைச் சாயந்திரம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு பல தடவை போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. தட்டை நானே ஆரணிக்குக் கொண்டு போனேன். வீட்டில் இல்லை என்றார்கள். கொட்டகையில் கார் இருந்தது, அதனால் அவரும் உள்ளேதான் இருந்திருப்பார். அண்ணி வாங்கி வைத்துக்கொண்டாள். கம்பெனி வெல்டரிடம் சொல்லி நாலு சக்கரத்திலும் மூன்று மூன்று பொட்டு வைக்கச் சொன்னேன். எந்த இடம் என்று என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. சரியாக வைத்தோமா என்று பார்க்க வழியில்லை. மூடி அண்ணனிடம்தானே இருக்கிறது. இருந்தாலும் சாக்கில் சுற்றிக் கூடத்தின் மூலையில் வைத்தேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளட்டும், ஓட்டவாவது உதவும் என்று இருந்தேன். டிரம்மைச் செங்கல் மேல் வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று ஐயர் தாய்மாமன் வாங்க என்று கூப்பிட்டார். நான் மண்டப வாசலைப் பார்த்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார். எங்கள் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எழுந்து வந்து என் பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்லபடியாகத்தான் செய்தார். பையனின் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. மூக்கில் மூக்குத்தி இருந்தது. நான்தான் வாங்கிப் போட்டேன்.

தாலி கட்டின பிறகு அண்ணி வந்தாள். ஆரணியிலிருந்து பஸ்ஸில், தனியாக. கையில் சீர்த் தட்டு. பட்டுப் புடவையும் வேட்டியும். பாத்திரம் கழுவும் இடத்துப் பக்கம் என்னை அழைத்துப் போனாள்.

"அவுரு வரல. கேக்காத."

"போர்டுல நைனா பேரு வந்துச்சா அண்ணி?"

"எங்க. அந்த சார் ஒத்துக்கல. நாலும் இருந்தாத்தான்னு சொல்ட்டாரு. அந்த ஒண்ண மட்டும் கப்போட முன்னாடி மாட்டிவெச்சிக்கினு காலம்பற துடைக்கிறாரு. மத்தது கடையில வாங்குன வெளிச் சக்கரம்."

"நான் வேணும்னு பண்ணலன்னு சொல்லு அண்ணி."

"சொன்னேன். தெரியும்ன்றாரு." சீர்த் தட்டை என்னிடம் நீட்டினாள். "தெரிஞ்சிதான் வரல."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அண்ணி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊத்துக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அன்று தண்ணீர் வருகிற நாள். சாக்கைப் பிரித்து, சில்வர் பூசிய சக்கரத்தில் ஒன்றை எடுத்து, செங்கலுக்குப் பதிலாக டிரம்முக்கு அடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தேன். மத்தியானம் இரண்டாவது ஷிப்டுக்குப் போனேன்.